கடிதக் கம்பியில் கைவைக்கும் முன்

அப்பாயியின், அதாவது அப்பாவின் அம்மாவின், காரியம் முடிந்த மறுநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ஒரு பட்டுச் சேலை, ஒரு கட்டு மணியார்டர் கூப்பன்கள், மொய் நோட்டு, அப்புறம் ஒரு கடிதக் கம்பி. மலாயாத் தோட்டத்திலிருந்து தாத்தா போட்ட கடிதங்கள் அதில் நெருக்கமாகக் குத்தியிருந்தன. நான் முதல் வேலையாக அத்தனையையும் உருவினேன். பெட்டியில் கிடந்த மற்றக் காகிதங்களோடு சேர்த்து, யாருக்கு எழுதியது என்று பார்த்துப் பிரித்து அடுக்கினேன். அரை மணி நேர வேலை. அதைச் சரிசெய்ய இரண்டு வருடம் போனது, இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.

கம்பிக்கு ஒரு கணக்கு உண்டு. வந்த கடிதத்தைப் படித்ததும் மேலே குத்துவார்கள். அடியில் இருப்பது பழசு, உச்சியில் இருப்பது கடைசி. தேதி போடாத கடிதத்துக்கு அதன் மேலும் கீழும் இருக்கிற கடிதங்கள்தான் சாட்சி. அந்தச் சாட்சியைத்தான் நான் கலைத்தேன். துளையைச் சுற்றிய துருக்கறை எது எதோடு பொருந்துகிறது என்று பார்த்துத்தான் பாதியையாவது மீட்க முடிந்தது. கம்பியோ பெட்டியோ துணி மூட்டையோ, இருக்கிற வரிசையிலேயே ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்க ஓரத்தில் பென்சிலால் லேசாக எண் போட்டு, செல்போனில் ஒரு படமும் எடுத்துவிட்டு அப்புறம் பிரியுங்கள். எந்தப் பொருள் எதற்குள் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உறையைக் குப்பையில் போடுவது அடுத்த தவறு. ஊரும் நாளும் அஞ்சல் முத்திரையில் இருக்கும். போர்க்காலத்து உறை என்றால் தணிக்கையில் பிரித்து மறுபடி ஒட்டிய சீட்டுகூட இருக்கலாம். எங்கள் வீட்டில் ஒரு பொடியன் தபால்தலையை நனைத்து உரித்து ஆல்பத்தில் ஒட்டிவிட்டான். முத்திரையில் பாதி அதோடு போயிற்று.

தேதி விஷயத்தில் நான் நன்றாகவே வழுக்கினேன். ஒரு கடிதத்தின் தலைப்பில் ‘விஷு ௵ தை ௴ ௰௨ ௳’ என்று இருந்தது. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௰௨ பன்னிரண்டு. தமிழ் வருடப் பெயர்ப் பட்டியலைப் பார்த்து விஷு என்றால் 1941 என்று குறித்துவிட்டேன். தமிழ் வருடம் சித்திரையில் பிறந்து பங்குனியில் முடிகிறது. ஆகவே அந்தத் தை, 1942 ஜனவரியில் வருகிறது. இந்தப் பெயர்கள் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதையும் மறக்கக் கூடாது. 1881-82-உம் விஷுதான்.

ஒரு வருடம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று தோன்றும். எங்கள் குடும்பக் கதையே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது 1941 டிசம்பரில், சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15-இல். தாத்தாவின் கடிதம் அந்த இடைவெளியில் எழுதியது. அடுத்த கடிதம் பார்த்திப வருடம் கார்த்திகை, அதாவது 1945 கடைசி. நடுவில் ஒன்றும் இல்லை. “நாலு வருசம் குடும்பத்தையே மறந்துட்டாரு” என்று சொல்லிச் சொல்லியே அப்பாவும் சித்தப்பாவும் வளர்ந்தார்கள். மறந்தவர் தாத்தா இல்லை, நின்றுபோனது தபால்.

உடனே எதிர்ப்பக்கம் பாய்வதும் தவறுதான். அந்த வருடங்களில் தோட்டத் தமிழர்களில் ஏராளமான பேரை ஜப்பான்காரர்கள் சயாம்-பர்மா (இன்றைய தாய்லாந்து-மியான்மர்) ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள். தாத்தாவும் அங்கே போய்த் தப்பி வந்தவர் என்று எழுதினால் கதை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கடிதங்களில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதனால் நான் எழுதவில்லை.

எழுதியிருப்பதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ‘இவ்விடம் யாவரும் க்ஷேமம்’ என்பதைக் காய்ச்சலில் படுத்துக்கொண்டும் எழுதுவார்கள். முகவரியில் ‘ம-ள-ள-ஸ்ரீ’ என்று பார்த்த சித்தப்பா மகன், அது மகாராஜராஜஸ்ரீ என்று தெரிந்ததும் ஜமீன் தொடர்பு தேடக் கிளம்பிவிட்டான். இன்றைக்கு ‘திரு’ போடுவது மாதிரி அன்றைக்கு மரியாதைக்குப் போட்டது அது, அவ்வளவுதான். கையெழுத்தை வைத்து ஆளை எடைபோடுவதும் வேண்டாம். எங்கள் கடிதங்களில் நாலு விதக் கையெழுத்து. எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல, தோட்டத்துக் கிராணியோ (கணக்கு எழுதும் குமாஸ்தா) கூட வேலை செய்தவரோ எழுதியது.

தாத்தா ஒரு கடிதம்கூட அப்பாயி பெயருக்குப் போடவில்லை. எல்லாம் பூட்டனாருக்குத்தான். அப்பாயிக்கு வந்ததெல்லாம் கடைசியில் ‘வீட்டிலும் சொல்லவும்’ என்ற ஒரு வரி. கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தேன். திண்ணையில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துப் பையனோ தபால்காரரோ உரக்கப் படிக்கப்போகிற கடிதத்தில் பெண்டாட்டிக்கு என்ன எழுத முடியும்? வெறும் பணக் கணக்கு என்று நான் ஒதுக்கிவைத்திருந்த மணியார்டர் கூப்பன் ஒன்றின் மூலையில் இருந்தது: ‘சேலைக்குத் தனியாக 5 ரூபாய்.’

பாதுகாக்கிறேன் என்று லேமினேஷன் செய்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. செலோடேப் நாளாக நாளாகப் பழுத்துக் கறையாகிவிடும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட போட்டோவை உரிக்க வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுங்கள். அந்தப் போட்டோவில் தெரியும் கைக்கடிகாரத்தையும் காரையும் வைத்துச் சொத்துக் கணக்குப் போடவும் வேண்டாம், அவை ஸ்டூடியோக்காரருடையவையாக இருக்கலாம். பழைய பித்தளைப் பாத்திரங்களை எடைக்குப் போடுவதற்கு முன் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கும், சிலவற்றில் வருடமும் இருக்கும். அதே பெயர் மொய் நோட்டில் ஊரோடு கிடைக்கும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கத்தால் ஒரே பெயரில் இரண்டு தலைமுறை ஆட்கள் இருப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கிடைத்ததையெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடத் துடிக்கும் கை. எனக்கும் துடித்தது. ஒரு கடிதத்தில் ஈப்போவில் பிறந்த ஒரு பெண் குழந்தையைப் பற்றி இருந்தது. நல்லவேளையாக முதலில் பெரிய அத்தையிடம் கொண்டுபோனேன். பெரியவர்களிடம் “தாத்தா பத்திச் சொல்லுங்க” என்று மொட்டையாகக் கேட்டால் ஒன்றும் வராது. பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். அத்தை அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“இதை எங்கேருந்து எடுத்தே? கம்பியிலேயா, சேலை மடிப்புலேயா?”

எனக்கு நினைவில்லை. காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் துளை இல்லை.