சின்ன டிராக்டர், கனமான டிரெய்லர்

எங்கள் நிலத்தில் ஒரு மேடு இருக்கிறது. ஈர மண் ஏற்றிய டிரெய்லரோடு அதில் ஏறும்போதெல்லாம் டிராக்டரின் பின் சக்கரங்கள் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றும். டயர் தேய்ந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஒருநாள் கீழே இறங்கிக் கொக்கியைப் பார்த்தேன். டிரெய்லரின் மூக்கு மேலே எம்பி, கொக்கியையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்திருந்தது. மண்ணில் பாதிக்கு மேல் அச்சுக்குப் பின்னால் குவிந்து கிடந்தது. ஒற்றை அச்சு டிரெய்லர் சீசா பலகை மாதிரிதான். பின்பக்கம் கனத்தால் முன்பக்கம் எழும்பும், டிராக்டரின் பின் சக்கரத்துக்கு வேண்டிய எடையையும் தூக்கிவிடும். அப்புறம் பிடிப்பு எங்கே இருக்கும்?

மொத்த எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் கொக்கியில் அமர்கிற மாதிரி மண்ணை முன்னே தள்ளினேன். அதே டயர், அதே மேடு, வழுக்காமல் ஏறியது. ரொம்பவும் முன்னே தள்ளக்கூடாது. டிராக்டரின் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் கேட்காது.

கொக்கி பின் அச்சை விடத் தாழ்வாகவே இருக்க வேண்டும். உயரத்தில் மாட்டி இழுத்தால் டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடலாம். உயிர் போகிற விஷயம் இது.

இறக்கத்தில் பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். அதனால் மேட்டின் உச்சியிலேயே லோ கியருக்கு மாற்றிவிடுகிறேன். அடிவாரம் வரும்வரை கிளட்சில் கால் வைப்பதில்லை.