யாழ்ப்பாணத்து வீடுகளில் யன்னலும் கதவும் மாற்றும்போது

யன்னலையோ கதவையோ மாற்றத் தீர்மானித்தவர், கடைக்குப் போவதற்கு முன் தமது வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த கற்சுவருக்கும், சீமெந்துக் கல்லில் எழுப்பிய மெல்லிய சுவருக்கும் ஒரே வகை நிலை, அதாவது கதவு யன்னலைத் தாங்கும் சட்டம், பொருந்தாது.

நடுவே முற்றம் கொண்ட நாற்சார் வீடுகளிலும் அவற்றையொத்த பழைய கல்வீடுகளிலும் முதற் கேள்வி, மாற்றத்தான் வேண்டுமா என்பதே. முதிரை மரத்திலோ பாலை மரத்திலோ செய்த நிலைகள் பெரும்பாலும் நிலத்தைத் தொடும் அடிப்பகுதியில்தான் ஈரத்தாலும் கறையானாலும் பழுதடைகின்றன. கூரான கருவியொன்றால் குத்திப் பார்த்து, உக்கிய பகுதி அடிப்பாகத்தோடு மட்டும் நிற்குமாயின், அதை வெட்டியகற்றி அதே இன மரத்தில் ஒட்டுத்துண்டு பொருத்தும்படி ஓடாவியாரிடம் (தச்சரிடம்) கேளுங்கள். நிலை முழுவதையும் எடுப்பது தவிர்க்க முடியாததாயின், மேலுள்ள சுவருக்கு முட்டுக்கொடுத்த பின்னரே எடுக்க வேண்டும். இல்லாவிடில் பக்கக் கற்கள் தளர்ந்து இறங்கும். இடைவெளியை மீண்டும் சுண்ணாம்புச் சாந்தாலேயே நிரப்புங்கள். கடினமான சீமெந்து, சுவரின் ஈரத்தை வெளியேற விடாமல் தடுத்துப் புதிய மரத்தையும் கெடுக்கும். இவ்வீடுகளின் நான்கு கதவு யன்னல்களில் மேலிரண்டைத் திறந்து கீழிரண்டைச் சாத்தினால், காற்றும் வரும், தெருவில் போவோரின் பார்வையும் உள்ளே விழாது. இத்தனை நல்ல அமைப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கண்ணாடி பூட்டுவது பெரும் இழப்பு என்பதே என் உறுதியான எண்ணம்.

1950களுக்குப் பின் எழுந்த வீடுகளில் பெரும்பாலும் யன்னலுக்கு மேலே கொங்கிறீற்று விட்டம் இருப்பதால், நிலையை எடுப்பது அவ்வளவு ஆபத்தானதன்று. அங்கே இரும்புச் சட்ட யன்னல்கள் துருப்பிடித்திருந்தால் அலுமினியத்துக்கு மாறலாம். ஆனால் பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் யன்னலில் பாதியளவே திறக்கும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்றை நம்பியிருக்கும் அறைக்கு முழுவதும் திறக்கும் கதவுகளே ஏற்றவை. காரைநகர், பருத்தித்துறை போன்ற கரையோர ஊர்களில் நிறப்பூச்சு ஏற்றிய அலுமினியத்தையும் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளையும் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண இரும்பாணி அலுமினியத்தைத் தொடும் இடத்தில், உப்புக் காற்றுப் பட்டு, அலுமினியமே அரிக்கப்படும். ஐப்பசி, கார்த்திகை மழை வாடைக்காற்றோடு சாய்ந்தடிப்பதால், வடக்கும் கிழக்கும் பார்த்த யன்னல்களுக்கு மேலே மழைத்தடுப்பும், கீழே வெளிப்புறம் சரிந்த படியும் அவசியம்.

2009இன் பின் கட்டப்பட்ட சிறிய வீடுகளின் சுவர் மெல்லியதாயின், கனமான மர நிலையை அது தாங்க இரும்புப் பிடிகளைச் சுவருக்குள் போதிய ஆழத்தில் பதிக்க வேண்டும். குளியலறைக்கு பிவிசி கதவு போதும், தலைவாசலுக்கு மரமே.

போர்க்காலத்தில் நிலையும் கதவும் பறிபோய்ப் பின்னர் ஒட்டுப்போட்ட வாசல்களின் மூலைகள் பெரும்பாலும் செங்கோணமாக இருப்பதில்லை. ஆகவே அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்றிடத்தில் அளந்து, மிகச் சிறியதை எடுத்து, அதிலிருந்து ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் குறைத்துச் செய்விக்க வேண்டும். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா என்பதையும் பாருங்கள். வேறுபாடு பெரிதாயின் முதலில் மேசனைக் கொண்டு வாசலைச் சீராக்குங்கள்.

வன்னியிலிருந்து மரம் ஏற்றுவித்தால் அனுமதிப்பத்திரம் உண்டா என்று பாருங்கள். நன்கு உலராத பலகையில் செய்த கதவு வெயிலில் வெடித்து வளையும். மரக்கதவை இயன்றவரை ஆடி, ஆவணி மாதங்களில் பொருத்தி, சுற்றிலும் சிறிது இடைவெளி விடுங்கள். மாரியில் கதவு இறுகினால் உடனே சீவவும் வேண்டாம், ஏனெனில் பங்குனி வெயிலில் அது மீண்டும் சுருங்கிவிடும்.