ஃப்ரீகேடில் முதல் திண்ம மாதிரி: 6204 பேரிங்குக்கு ஒரு ஹவுசிங் வடிவமைப்போம்

கேட் (கணினியில் பாகங்களை வடிவமைக்கும்) மென்பொருள் கற்கத் தொடங்கும் பலர் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தே பழகுகிறார்கள். சில வாரங்களில் எந்த வடிவத்தையும் திரையில் கொண்டுவந்துவிட அவர்களால் முடிகிறது. ஆனால் அதே வடிவத்தில் ஒரு விட்டத்தை 5 மி.மீ. கூட்டச் சொன்னால் துளைகள் இடம் மாறுகின்றன, விளிம்புகள் காணாமல் போகின்றன, மாதிரியின் படிகளைக் காட்டும் பட்டியல் முழுவதும் சிவப்புக் குறிகள் தோன்றுகின்றன. வடிவத்தை வரைவது வேலையின் பாதிதான். எந்த அளவு எதைச் சார்ந்திருக்கிறது என்பதை மாதிரிக்குள்ளேயே பதித்து வைப்பதுதான் திண்ம மாதிரியாக்கத்தின் மீதிப் பாதி, அதுவே கடினமான பாதியும் கூட. ஆகவே, அளவுகளை மாற்றினாலும் உடையாத ஒரு பாகத்தை முதல் முயற்சியிலேயே உருவாக்கிப் பார்ப்பதற்கான வழியை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

இதற்கு நான் தேர்ந்தெடுத்திருப்பது ஃப்ரீகேட். இது கட்டணமில்லாத, திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். இதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தது, நீங்களும் அதையோ அதற்குப் பிந்தையதையோ நிறுவிக்கொள்ளுங்கள். கல்லூரியில் சாலிட்வொர்க்ஸ், கிரியோ போன்றவற்றைப் பயன்படுத்துபவர்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். பொத்தான்களின் பெயர்கள் மாறுமே தவிர, சிந்திக்கும் முறை மாறாது.

படி 1: முதலில் தாளில் வரையுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் பாகம் என்ன வேலை செய்யப்போகிறது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். நம் பாகம் ஒரு பேரிங் ஹவுசிங், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கைப் பிடித்து வைக்கும் கூடு: சதுரத் தட்டு ஒன்று, அதன் நடுவில் எழும் பாஸ் என்ற உருளை வடிவ மேடு, அதற்குள் பேரிங் உட்காரும் குழி, தட்டின் நான்கு மூலைகளிலும் எம்8 (8 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுகளுக்கான துளைகள்.

6204 ஆழப்பள்ள பால் பேரிங்கின் உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47 மி.மீ., அகலம் 14 மி.மீ. எந்த நிறுவனத்தின் 6204ஐ வாங்கினாலும் இந்த மூன்று அளவுகளும் மாறுவதில்லை. எனவே இவை நாம் தீர்மானிக்கும் அளவுகள் அல்ல, வெளியிலிருந்து வந்து சேருபவை. மற்ற அளவுகள் இவற்றிலிருந்தே பிறக்க வேண்டும். பேரிங்கைச் சுற்றி 8.5 மி.மீ. சுவர் வேண்டுமென்று வைத்துக்கொண்டால் பாஸின் விட்டம் வெளிவிட்டத்தைவிட 17 மி.மீ. கூடுதலாக, அதாவது 64 மி.மீ. ஆக இருக்கும். போல்ட் தலையும் வாஷரும் உட்கார இடம் தேவைப்படுவதால் தட்டின் பக்கத்தைப் பாஸைவிட 26 மி.மீ. கூட்டி 90 மி.மீ. என்று கொள்வோம். துளை மையங்கள் விளிம்பிலிருந்து 12 மி.மீ. உள்ளே அமைந்தால் துளைகளின் இடைவெளி 66 மி.மீ. ஆகும்.

பேரிங் குழிக்குக் கீழே ஒரு தோள், அதாவது பேரிங் அமர உள்நோக்கி நீளும் ஒரு படி வேண்டும். அது பேரிங்கின் வெளிவளையத்தை மட்டுமே தாங்க வேண்டும். சுழலும் உள்வளையத்தைத் தொட்டுவிடக் கூடாது. இதற்காகத் தோளின் துளையை வெளிவிட்டத்தைவிட 11 மி.மீ. குறைத்து 36 மி.மீ. என்று வைக்கிறோம். தோளின் தடிமன் 10 மி.மீ., ஆகவே மொத்த உயரம் பேரிங் அகலத்துடன் 10 சேர்த்து 24 மி.மீ. தட்டின் தடிமன் 12 மி.மீ.

இந்தக் கணக்கைத் தாளில் போடாமல் நேரே திரைக்குப் போவதை நான் பரிந்துரைப்பதே இல்லை. திரையில் தோன்றும் படம் அழகாக இருப்பதால், அதன் பின்னால் காரணமே இல்லாத அளவுகளும் சரியானவை போலத் தோன்றிவிடுகின்றன.

படி 2: அளவுகளை விரிதாளில் எழுதுங்கள்

புதிய ஆவணத்தைத் திறந்து, ஸ்ப்ரெட்ஷீட் வொர்க்பெஞ்சில் (ஒரு வகை வேலைக்கான கருவித் தொகுப்பில்) ஒரு விரிதாளை உருவாக்குங்கள். வெளிவிட்டத்திற்கு 47 மி.மீ., அகலத்திற்கு 14 மி.மீ. என்று இரண்டு கலங்களில் அலகோடு எழுதுங்கள். பாஸ் விட்டம், தட்டின் பக்கம், துளை இடைவெளி, தோள் துளை, மொத்த உயரம் ஆகிய ஐந்துக்கும் எண்களை எழுதாமல், மேலே சொன்ன கணக்குகளைச் சூத்திரங்களாக எழுதுங்கள். சூத்திரத்தில் கூட்டும் எண்ணுக்கும் மி.மீ. என்ற அலகு தேவை. அலகுள்ள அளவோடு வெறும் எண்ணைக் கூட்டினால் மென்பொருள் பிழை காட்டும்.

பிறகு ஒவ்வொரு கலத்தின் மீதும் வலச் சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் அலியாஸ் என்ற இடத்தில் ஒரு பெயர் கொடுங்கள். பெயரில் இடைவெளி இருக்கக் கூடாது. மீட்டர், கிராம் போன்ற அலகுகளின் சுருக்க எழுத்துகளும் (m, g) ஏற்கப்படாது.

படி 3: தட்டு

பார்ட் டிசைன் வொர்க்பெஞ்சுக்கு மாறி, பாகத்தின் படிகளெல்லாம் சேரும் ஒரு பாடியை உருவாக்குங்கள். எக்ஸ்ஒய் தளத்தில் ஒரு ஸ்கெட்ச்சைத் (இருபரிமாண வரைவைத்) திறந்து, அச்சுகள் சந்திக்கும் தொடக்கப் புள்ளி உள்ளே அமையுமாறு ஒரு செவ்வகத்தை வரையுங்கள். அளவைப் பற்றி இப்போது கவலை வேண்டாம்.

செவ்வகத்தின் எதிரெதிர் மூலைகள் இரண்டையும் பிறகு தொடக்கப் புள்ளியையும் தேர்ந்தெடுத்து, சிமெட்ரிக் என்ற கட்டுப்பாட்டை இடுங்கள். செவ்வகம் இனி எப்படி மாறினாலும் அதன் மையம் நகராது. இப்போது இடப்பக்கப் பலகத்தில் இன்னும் 2 சுதந்திர நிலைகள் (கட்டப்படாத அளவுகள்) மீதமிருப்பதாகக் காட்டப்படும்: நீளம், அகலம். அடுத்துள்ள இரு பக்கங்களுக்கு ஈக்வல் கட்டுப்பாட்டை இட்டால் ஒன்று குறைந்து சதுரமாகிவிடும். மீதமுள்ள ஒன்றுக்கு டைமென்ஷன் கருவியால் அளவிடும்போது, எண் தட்டும் பெட்டியில் சமக்குறியை அழுத்தினால் சூத்திரச் சாளரம் திறக்கும். அதில் விரிதாளின் பெயரும் ஒரு புள்ளியும் தட்டின் பக்கத்திற்கு நீங்கள் சூட்டிய பெயரும் எழுதுங்கள். கோடுகள் முழுவதும் பச்சையாகிவிடும்.

பச்சையாகாத ஸ்கெட்ச்சை விட்டு வெளியேறாதீர்கள். இதை நான் மாணவர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் போதாது என்றே தோன்றுகிறது. கட்டப்படாத ஒரு கோடு, பின்னால் வேறோர் அளவு மாறும்போது மென்பொருள் தன் விருப்பப்படி நகர்த்தக்கூடிய கோடு. வடிவத்தைக் கட்டுப்பாடுகளால் வரையறுக்கும் இந்த எண்ணம் புதிதல்ல. 1963இல் ஐவன் சதர்லேண்ட் எம்ஐடியில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற முன்னோடி வரைகலை நிரலிலேயே அது இருந்தது. இன்றைய கேட் மென்பொருள்கள் அனைத்தும் அந்த வழியில் வந்தவைதான்.

ஸ்கெட்ச்சை மூடி, பேட் கருவியால் 12 மி.மீ. உயர்த்துங்கள்.

படி 4: பாஸ்

தட்டின் மேற்பரப்பைச் சொடுக்கி அதன் மேல் வட்டம் வரையத்தான் யாருக்கும் முதலில் தோன்றும். அதைத் தவிர்த்து, மீண்டும் எக்ஸ்ஒய் தளத்திலேயே இரண்டாவது ஸ்கெட்ச்சைத் திறங்கள். தொடக்கப் புள்ளியை மையமாகக் கொண்ட வட்டத்தை வரைந்து, பாஸ் விட்டத்தை விரிதாளோடு இணைத்து, மொத்த உயரமான 24 மி.மீ. அளவுக்குப் பேட் செய்யுங்கள். இந்த உயரத்தையும் விரிதாளோடு இணைத்துவிடுங்கள். உருளையின் கீழ்ப்பகுதி தட்டுக்குள் மறைந்து, இரண்டும் ஒரே திண்மமாகிவிடும்.

ஃப்ரீகேட் ஒவ்வொரு பரப்புக்கும் விளிம்புக்கும் எண்ணோடு கூடிய ஒரு பெயரைத் தானே சூட்டுகிறது. முந்தைய படியில் ஏதாவது மாறினால் அந்த எண்கள் இடம் மாறலாம். முகம் 6இன் மேல் வரைந்த வட்டம், அந்த முகம் வேறொன்றாகிவிட்டால் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். 1.0 பதிப்பில் இந்தச் சிக்கல் பெருமளவு குறைக்கப்பட்டிருந்தாலும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. அடிப்படைத் தளங்களோ எப்போதும் மாறுவதில்லை.

படி 5: பேரிங் குழி

இந்தப் பாகத்தின் உயிர் இதுதான், பொறுமையாகச் செய்யுங்கள். பட்டறையில் இந்தக் குழியை லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) போரிங் செய்வார்கள், அதாவது உட்புறத்தைக் கடைவார்கள். பாகம் சுழலும்போது கருவியின் முனை ஒரு பாதி வெட்டுமுகத்தைத்தான் தொடர்ந்து செல்கிறது. நாமும் அதே பாதி வெட்டுமுகத்தை வரைந்து அச்சைச் சுற்றிச் சுழற்றப்போகிறோம்.

எக்ஸ்இசட் தளத்தில் ஸ்கெட்ச்சைத் திறங்கள். திண்மம் பார்வையை மறைத்தால் வியூ செக்‌ஷன் பொத்தானை அழுத்துங்கள். பாலிலைன் கருவியால் தொடக்கப் புள்ளியிலிருந்து வலப்பக்கம் சென்று, மேலே ஏறி, மீண்டும் வலப்பக்கம் ஒரு படி எடுத்து, உச்சிவரை ஏறி, இடப்பக்கம் செங்குத்து அச்சுவரை வந்து, அச்சின் மேலேயே கீழிறங்கித் தொடங்கிய இடத்தில் மூடுங்கள். ஆறு கோடுகளும் கிடையாகவோ செங்குத்தாகவோ இருக்கும்படி கட்டுப்பாடுகள் அமைந்து, ஒரு மூலை தொடக்கப் புள்ளியில் பொருந்தியிருந்தால், சரியாக 4 சுதந்திர நிலைகள் மீதமிருக்கும். வேறு எண் தெரிந்தால் ஏதோ ஒரு கோடு சரியாக இணையவில்லை என்று பொருள்.

அந்த நான்கையும் இப்படி நிரப்புங்கள்: கீழே உள்ள கோடு அச்சிலிருந்து தோள் துளையில் பாதி, அதாவது 18 மி.மீ.; மேலே உள்ள கோடு வெளிவிட்டத்தில் பாதி, 23.5 மி.மீ.; படியின் உயரம் 10 மி.மீ.; உச்சியின் உயரம் 24 மி.மீ. ஒவ்வோர் அளவுக்கும் மீதி எண்ணிக்கை ஒன்று குறைவதைக் கவனியுங்கள். இங்கே எழுத வேண்டியது ஆரம், விட்டம் அல்ல. 47 என்று எழுதினால் குழி 94 மி.மீ. விட்டத்தில் தோண்டப்பட்டுப் பாஸ் முழுவதும் மறைந்துவிடும். விரிதாளின் பெயரை எழுதி 2ஆல் வகுப்பதே பாதுகாப்பானது.

ஸ்கெட்ச்சை மூடி, வரைந்ததைச் சுழற்றித் திண்மத்தை வெட்டும் க்ரூவ் கருவியைத் தேர்ந்து, அச்சாக ஸ்கெட்ச்சின் செங்குத்து அச்சையும் கோணமாக 360 பாகையையும் கொடுங்கள். பேரிங் குழி, தோள், ஊடுதுளை மூன்றும் ஒரே படியில் உருவாகும். மூன்றும் ஒரே அச்சில் அமைந்தன என்பதற்குத் தனிச் சோதனை தேவையில்லை.

படி 6: போல்ட் துளைகள்

எம்8 போல்ட்டுக்கு ஐஎஸ்ஓ 273 தரநிலை பரிந்துரைக்கும் நடுத்தர இடைவெளித் துளை (போல்ட் தடையின்றி நுழையும் துளை) 9 மி.மீ. எக்ஸ்ஒய் தளத்தில் 9 மி.மீ. வட்டம் ஒன்றை மட்டும் வரைந்து, அதன் மையத்தை இரு அச்சுகளிலிருந்தும் துளை இடைவெளியில் பாதித் தொலைவில் வையுங்கள். பாக்கெட் கருவியில் த்ரூ ஆல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெட்டு கீழ்நோக்கிச் சென்று திண்மத்தைத் தொடவில்லையென்றால் ரிவர்ஸ்டு என்ற பெட்டியைக் குறியிடுங்கள். பின்னர் போலார் பேட்டர்ன் மூலம் இசட் அச்சைச் சுற்றி நான்காகப் பெருக்குங்கள்.

படி 7: கையால் சரிபார்த்தல்

விளிம்புகளை மழுக்குவதற்கு முன் கன அளவைச் சரிபாருங்கள். தட்டு 97,200 கன மி.மீ.; தட்டுக்கு மேலுள்ள பாஸ் பகுதி ஏறத்தாழ 38,604; கழிக்க வேண்டியவை பேரிங் குழி 24,289, தோள் துளை 10,179, நான்கு போல்ட் துளைகள் 3,054. விடை ஏறத்தாழ 98,282 கன மி.மீ. வார்ப்பிரும்பின் அடர்த்தியைக் கன செ.மீ.க்கு 7.2 கிராம் என்று கொண்டால் எடை சுமார் 0.7 கிலோ.

மென்பொருளின் விடையைப் பெற, இரண்டாவது விரிதாள் ஒன்றை உருவாக்கி, அதன் ஒரு கலத்தில் சமக்குறியிட்டு, பாடி, ஷேப், வால்யூம் என்ற மூன்று சொற்களையும் இடையே புள்ளி வைத்து ஆங்கிலத்தில் எழுதுங்கள். முதல் விரிதாளிலேயே எழுதினால் மாதிரி விரிதாளையும் விரிதாள் மாதிரியையும் சார்ந்து நின்று பிழை தோன்றும். இரண்டு விடைகளும் ஒத்துவந்தால் மேலே தொடரலாம்.

படி 8: விளிம்புகள்

விளிம்பை வளைவாக்கும் ஃபில்லட், சாய்வாக வெட்டும் சேம்ஃபர் ஆகியவை எப்போதும் கடைசியில்தான், ஏனெனில் இவற்றுக்கு விளிம்பைச் சொடுக்காமல் வேறு வழியில்லை. தட்டின் நான்கு மூலைகளுக்கு 12 மி.மீ. ஃபில்லட், பாஸ் தட்டோடு சேருமிடத்தில் 3 மி.மீ. ஃபில்லட், பேரிங் நுழையும் வாயில் 1 மி.மீ. சேம்ஃபர் ஆகியவை போதும்.

படி 9: மாதிரியை உடைத்துப் பாருங்கள்

விரிதாளுக்குத் திரும்பி, வெளிவிட்டத்தை 52 என்றும் அகலத்தை 15 என்றும் மாற்றுங்கள். இவை 6205 பேரிங்கின் அளவுகள். பாஸ் 69 மி.மீ. ஆகவும், தட்டு 95 மி.மீ. ஆகவும் வளர்ந்து துளைகள் தாமாக விலக வேண்டும். அடுத்து 6206க்கு உரிய 62, 16 ஆகியவற்றைக் கொடுங்கள். தட்டு 105 மி.மீ. ஆகும்.

தட்டை 90 என்று எண்ணாகவே எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். துளை மையம் நடுவிலிருந்து 46.7 மி.மீ. தொலைவில் நின்றிருக்கும், 79 மி.மீ. விட்டமுள்ள பாஸின் ஆரம் 39.5 மி.மீ. இடையில் 7.2 மி.மீ. மட்டுமே மிஞ்சுவதால் 16 மி.மீ. விட்டமுள்ள எம்8 வாஷர் பாஸின் மேல் ஏறி நின்றிருக்கும். திரையில் எந்தப் பிழையும் காட்டப்பட்டிருக்காது. போல்ட்டை முடுக்கும்போதுதான் தெரிந்திருக்கும்.

படி 10: பட்டறைக்கு அனுப்புதல்

மாதிரியில் குழியின் விட்டம் 47 மி.மீ. என்றே இருக்கட்டும், பொருத்தத்துக்கான சகிப்பளவை (அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பை) டெக்டிரா (TechDraw) வொர்க்பெஞ்சில் உருவாக்கும் வரைபடத்தில் குறிப்பிடுங்கள். நிலையான ஹவுசிங்கில் வழக்கமாக எச்7 என்ற சகிப்பளவு வகை தரப்படும், 47 மி.மீ. விட்டத்துக்கு அது 0 முதல் +0.025 மி.மீ. வரை. முன்தோற்றத்தோடு பேரிங் குழியின் வழியாக ஒரு வெட்டுத் தோற்றத்தையும் கட்டாயம் சேருங்கள். இந்தியாவில் முதற்கோண வீழல் முறையே (தோற்றங்களைத் தாளில் அடுக்கும் ஒரு முறை) தரநிலை என்பதால் அதன் குறியீட்டைத் தலைப்புக் கட்டத்தில் இடுங்கள்.

சிஎன்சி (கணினியால் இயக்கப்படும் இயந்திரங்கள் உள்ள) பட்டறைக்குக் கோப்பு அனுப்பும்போது ஸ்டெப் வடிவத்தில் ஏற்றுமதி செய்யுங்கள். அதில் உருளை உருளையாகவே சேமிக்கப்படும். எஸ்டிஎல் கோப்பு வளைபரப்புகளைச் சிறு முக்கோணங்களாக உடைத்துவிடும், அளவுகளின் அலகும் அதில் பதிவாகாது. முப்பரிமாண அச்சில் ஒரு மாதிரி எடுத்துப் பார்க்க அது போதுமானது, எச்7 குழி போரிங் செய்யப் போதாது. ஸ்டெப் கோப்பில் சகிப்பளவுகள் தாமாக வந்து சேருவதில்லை, ஆகவே வரைபடத்தின் பிடிஎஃப் படியையும் அதனுடன் இணைத்தே அனுப்புங்கள்.