பழைய லேப்டாப்பில் வீடியோ திக்குகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மாமா வீட்டு லேப்டாப் 2011-இல் வாங்கியது. இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 1366×768 திரை. அதில் மகளின் கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் போட்டு ஓடவிட்டார். கெட்டிமேளம் முழங்குகிறது, மாப்பிள்ளையின் கை மட்டும் தாலியோடு அந்தரத்தில் நிற்கிறது. மேளம் ஓய்ந்த பிறகு படம் ஒரே தாவலாகத் தாவி, மணமக்கள் காலில் விழுந்து எழுந்திருக்கும் இடத்துக்குப் போய்விட்டது. "எஸ்எஸ்டிகூட மாட்டிப் பாத்துட்டேன்டா, அப்பவும் இப்படித்தான்" என்றார்.

பலரும் செய்யும் முதல் தவறே அதுதான்: எங்கே இடிக்கிறது என்று பார்க்காமல் காசைச் செலவழிப்பது. விநாடிக்கு 60 மெகாபிட் ஓடும் கனமான வீடியோவுக்குக்கூட டிஸ்கிலிருந்து விநாடிக்கு 7.5 எம்பி படித்தால் போதும். பழைய ஹார்ட் டிஸ்கே அதைப்போல் பல மடங்கு படிக்கும். எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸ் சட்டென்று எழுந்திருக்கும், அது வேறு நன்மை. ரேமும் அப்படித்தான், 2 ஜிபி வைத்துக்கொண்டு பிரவுசரில் பத்து டேப் திறப்பவருக்குக் கூடுதல் ரேம் உதவும், படத்தைப் பிரித்துக் காட்டும் வேலைக்கு உதவாது.

ஒலி தடையில்லாமல் ஓடி, படம் மட்டும் திக்கினால் பெரும்பாலும் பிராசஸருக்கு மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். இணையத்தில் பார்க்கும் வீடியோவில் ஒலி, படம் இரண்டும் சேர்ந்து நின்று வட்டம் சுற்றினால் இணையம் மெதுவாக இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் வீடியோ ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மாமா லேப்டாப்பில் சிபியு (பிராசஸர்) 100 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

வீடியோகாரர் கொடுத்த ஃபைல் 4கே, அதுவும் ஹெச்.265 என்ற புது முறையில் சுருக்கியது. வில்லங்கமே இங்கேதான். 2011-இன் இன்டெல் சிப்பில், ஹெச்.264 என்ற பழைய முறையில் சுருக்கிய வீடியோவை விரிப்பதற்கென்று தனிச் சுற்று உண்டு. அந்த வேலை பிராசஸர் தலையில் விழாது. ஹெச்.265-க்கான சுற்று 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையில்தான் சேர்ந்தது, நிற நுணுக்கம் கூடிய அதன் 10-பிட் வகைக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். ஆக, பாவம், இரண்டே கோர் வைத்திருக்கும் ஐ3 மொத்த பாரத்தையும் தனியாக இழுக்கிறது. ஒரு 4கே ஃபிரேமில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். மாமாவின் திரையில் இருப்பதோ பத்தரை லட்சம். எட்டுப் பங்கு உழைத்து ஏழு பங்கைக் குப்பையில் கொட்டுகிற கதை.

இதற்கு வழி, 720பி ஹெச்.264 ஆக மாற்றிக்கொள்வது. வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருள் இலவசம், அதில் ‘ஃபாஸ்ட் 720பி30’ என்ற பிரிசெட் தயாராகவே இருக்கிறது. ஆனால் அந்த மாற்றும் வேலையை அதே பழைய லேப்டாப்பில் செய்யாதீர்கள், விடிய விடிய ஓடும். வீட்டில் யாராவது புது கணினி வைத்திருப்பார்கள், அதில் போடுங்கள். ஃபைல் பெயரில் எம்கேவியை அழித்து எம்பி4 என்று எழுதிப் பார்ப்பவர்களும் உண்டு. டப்பாவின் லேபிளை மாற்றினால் உள்ளே இருப்பது மாறிவிடாது.

யூடியூபிலும் இதே சிக்கல்தான். அது பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவங்களில் அனுப்புகிறது. இன்டெல்லில் ஏவி1-க்கான சுற்று 2020-இல் வந்த பதினோராம் தலைமுறையில்தான் சேர்ந்தது. வீடியோமேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்தால் எந்தக் கோடெக் (சுருக்கும் முறை), எத்தனை ஃபிரேம் தவறியது எல்லாம் தெரியும். ஃபயர்ஃபாக்ஸில் ‘ஹெச்264ஐஃபை’ எக்ஸ்டென்ஷனைப் போட்டால் ஹெச்.264 மட்டும் வரும், விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் வீடியோக்களைத் தடுக்கவும் அதில் வசதி உண்டு. 720பி60 என்றால் 720பி30-ஐப்போல் இருமடங்கு பாரம். எக்ஸ்டென்ஷன் வேண்டாம் என்பவர்கள் 480பி வைத்துப் பாருங்கள், அது பெரும்பாலும் 30 ஃபிரேமில்தான் வரும்.

விண்டோஸைப் புதிதாகப் போட்ட கையோடு கிராஃபிக்ஸ் டிரைவரை மறந்துவிடுவது இன்னொரு தவறு. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று நின்றால் டிரைவரே இல்லை. சிப்பில் அந்தச் சுற்று இருந்தும் பயனில்லை. தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரை எடுங்கள். அப்புறம் விஎல்சி பிளேயரின் பிரிஃபரன்ஸஸில், இன்புட்/கோடெக்ஸ் பக்கத்தில், ஹார்ட்வேர் டீகோடிங் ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்கிறதா பாருங்கள். எப்போதோ யாரோ சொன்னார்கள் என்று அதை அணைத்துவைத்தவர்கள் நிறைய. அதே பக்கத்தில், படத்தின் கட்டங்களை மழுப்பும் ஹெச்.264 டிபிளாக்கிங் ஃபில்டரைத் தவிர்க்கும் வசதி இருக்கிறது. பாரம் குறையும், ஆனால் படம் கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரியும், ரொம்பப் பழைய கணினி என்றால் அதற்குச் சம்மதிக்கலாம்.

கோடெக்குகளை மொத்தமாகப் போடும் ‘கோடெக் பேக்’ எதுவும் வேண்டாம். விஎல்சி, எம்பிவி ஆகிய இரண்டு பிளேயர்களுக்கும் தேவையானவை அவற்றுக்குள்ளேயே இருக்கின்றன.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் திக்க ஆரம்பித்தால் சூட்டைக் கவனியுங்கள். சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரி சேவரிலும் வேகம் குறையும், சார்ஜரைச் செருகிவிட்டுப் பாருங்கள். மாமா மெத்தைமேல் வைத்துத்தான் படம் பார்ப்பார், அடியில் காற்று போகும் ஓட்டை மொத்தமும் அடைத்துக்கொள்ளும். பின்பக்கத்தைக் கழற்றினால் விசிறியில் பஞ்சு பஞ்சாகத் தூசி. எஸ்எஸ்டி மாட்டிய அன்றைக்கே அதையும் ஊதிவிட்டிருக்கலாம்.