கர்ப்பிணியை மருத்துவ ஆய்வில் சேரச் சொன்னால்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

மாதப் பரிசோதனைக்குக் காத்திருக்கும்போதே, "ஒரு ஸ்டடி நடக்குது, சேர்ந்துக்கிறீங்களா?" என்று கேட்டுச் சில தாள்களை நீட்டுவதுண்டு. அன்றைக்கே கையெழுத்திட வேண்டியதில்லை. ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு வருவதாகச் சொல்லலாம். கணவரையும் மாமியாரையும் கலந்து பேசுவது நல்லதுதான், ஆனால் ஒப்புதல் கர்ப்பிணியுடையதாகவே இருக்க வேண்டும். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் படித்து விளக்க வேண்டும்.

முதலில் அது எவ்வகை ஆய்வு என்று கேளுங்கள். குருகிராமில் குறைப்பிரசவத்தின் காரணங்களை அறிய 2015இல் தொடங்கிய ஆய்வில், கர்ப்பிணிகளின் ரத்த மாதிரிகளையும் ஸ்கேன் படங்களையும் சேகரித்து, பிரசவம் வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். புதிய மருந்து எதுவும் சோதிக்கப்படவில்லை. மருந்தையோ அதன் அளவையோ சோதிக்கும் ஆய்வு என்றால் கூடுதலாக விசாரிக்க வேண்டும்.

பெங்களூரிலும் தான்சானியாவின் தார் எஸ் சலாமிலும் முதல் பிரசவத்தை எதிர்நோக்கியிருந்த சுமார் 22,000 பெண்களிடம் நடந்த கால்சியம் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எல்லோரும் நாள்தோறும் மூன்று மாத்திரைகள் விழுங்கினார்கள். ஒரு பிரிவினருக்கு மூன்றிலும் சேர்த்து 1,500 மில்லிகிராம் கால்சியம் இருந்தது, மற்றவர்களுக்கு ஒன்றில் மட்டும் 500 மில்லிகிராம், மீதி இரண்டும் மருந்தில்லாத வெறும் மாத்திரைகள். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. மருத்துவருக்கும் அது தெரியாது. ரத்த அழுத்தம் ஏறித் தாயின் உயிருக்கே ஆபத்தாகும் முன்சூல்வலிப்பைத் தடுப்பதில் 500 மில்லிகிராம் 1,500க்குச் சளைத்ததல்ல என்று 2024இல் முடிவு வெளியானது. ஆனால் ஆய்வில் சேரும்போது இந்த முடிவு யாருக்கும் தெரியாது. ஆகவே, "எந்தப் பிரிவில் விழுந்தாலும் எனக்குக் கிடைக்க வேண்டிய வழக்கமான சிகிச்சை குறையாதா?" என்பதையே அழுத்திக் கேளுங்கள். என் கணிப்பில், மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதுவே முக்கியம்.

அடுத்து, பதிவு எண். 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் மருந்துச் சோதனைகளை மருத்துவச் சோதனைகளுக்கான தேசியப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். எண்ணைக் கொண்டு இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் படிவத்தில் இருக்க வேண்டும்.

இழப்பீட்டுப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, பெற்றோர் சோதனையில் பங்கேற்றதால் கருவிலுள்ள குழந்தைக்கு ஏற்படும் பாதிப்பும் இழப்பீட்டுக்கு உரியது. படிவம் தாயைப் பற்றி மட்டும் பேசினால், குழந்தைக்கு என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேளுங்கள்.

பிரசவத்தோடு ஆய்வு முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். தொப்புள்கொடி ரத்தம் எடுப்பார்களா, குழந்தையை எத்தனை மாதம் வரை எடை பார்க்க அழைப்பார்கள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனால் அங்கே வருவார்களா, வந்துபோகும் செலவு யாருடையது என்பனவற்றை முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. விலகினால் ஏற்கெனவே சேமித்த மாதிரிகளை அழிப்பார்களா, வைத்திருப்பார்களா என்பதையும் கேட்டு, கையெழுத்திட்ட படிவத்தின் நகலைப் பரிசோதனை அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.