டிஸ்எபிலிட்டி பென்ஷன் மறுப்பு: மேல்முறையீட்டில் முன்னாள் படைவீரர்கள் சறுக்கும் இடங்கள்

நோய்க்கான பென்ஷன் மறுப்புக் கடிதங்களில் பெரும்பாலும் முக்கியமானது ஒரே வரிதான்: நோய் பணியால் வந்ததல்ல, பணியால் தீவிரமானதும் அல்ல. மேல்முறையீடு அந்த வரிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் முழங்கால் வலி, மாடி ஏற முடியாத நிலை, வீட்டுக் கஷ்டம் என்று மூன்று பக்கம் எழுதி, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் போன மாதம் வாங்கிய சீட்டை இணைத்து அனுப்பிவிடுகிறோம். அந்தச் சீட்டு இன்றைய வலிக்குச் சாட்சி. நோய் எந்த ஆண்டு, எந்தப் பணியிடத்தில் தொடங்கியது என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்வது, ஓய்வின்போது மெடிக்கல் போர்டு எழுதிய ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 என்ற மருத்துவப் படிவம். கையில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு, உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஆர்டிஐ போடுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், விமானப்படை வீரர் என்றால் டெல்லி சுப்ரதோ பார்க். 30 நாளில் பதில் தரவேண்டும். வந்ததும் நோய் தொடங்கிய தேதி, இடம், பாதிப்பின் சதவீதம், போர்டு சொன்ன காரணம் நான்கையும் பாருங்கள். காரணம் எழுதாமல் முடிவு மட்டும் இருந்தால் அதுவே உங்கள் வலுவான வாதம். சேரும்போது அந்த நோய் பற்றிக் குறிப்பு இல்லையென்றால், நல்ல உடல்நிலையோடு சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது 1982 விதிகளை வைத்து வந்த தீர்ப்பு. 2008லும் 2023லும் விதிகள் மாறியிருக்கின்றன, ஆகவே பணி முடிந்த தேதியைப் பார்க்காமல் அதைக் காட்டக்கூடாது.

அடுத்தது கெடு. முதல் அப்பீலுக்கு 6 மாதம், அது தள்ளுபடியானால் இரண்டாவதற்கும் 6 மாதம். வியாசர்பாடியிலிருந்து மணலிக்கு வீடு மாறியவர் ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணையதளத்திலும் ரெக்கார்ட் ஆபீஸிலும் முகவரியை மாற்றாவிட்டால், மறுப்புக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், கெடு ஓடுவதே தெரியாமல் போய்விடும். ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை கொடுக்கும் மனு அப்பீல் ஆகாது, கெடுவையும் நிறுத்தாது. முன்னாள் படைவீரர் நல அலுவலகம் எழுத உதவும், முடிவு எடுக்காது.

சதவீதக் கணக்கிலும் கவனம் வேண்டும். சாதாரணமாகப் பாதிப்பு 20 சதவீதத்துக்குக் குறைந்தால் இந்தப் பென்ஷன் கிடையாது. தகுதி உள்ளவருக்குப் பொதுவாக 50க்குக் கீழ் இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்த்திக் கணக்கிடுவார்கள். முழுப் பணிக்காலம் முடித்தவருக்கும் இது உண்டு என்று 2014இல் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது. ஓய்வுக்குப் பின் நோய் முற்றியது என்றால் மறு மருத்துவ போர்டு கேட்பது தனி விண்ணப்பம், அப்பீலில் கலக்காதீர்கள்.

அப்பீல் போட்டு 6 மாதமாகியும் பதில் இல்லையென்றால், காத்துக்கொண்டே இருக்காமல் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். பல வருஷம் தாமதித்தால் வழக்கில் ஜெயித்தாலும் நிலுவை பொதுவாக மனு தாக்கலுக்கு முந்தைய 3 வருஷத்துக்கு மட்டுமே கிடைக்கும். ஆகவே அப்பீலை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரிச் சான்றையும் நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். அந்த 6 மாதம் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதற்கு அவைதான் சாட்சி.