கண் தெரியாத வயதான நாய்க்கு வீட்டையும் புறவாசலையும் தயார் செய்வது எப்படி?

எங்கள் ஜிம்மிக்கு வயது 13. பொமரேனியனும் நாட்டு நாயும் கலந்தவள். அவளுக்குக் கண் தெரியவில்லை என்பதை ஒரு பொங்கல் சமயத்தில்தான் கண்டுபிடித்தோம். வெள்ளையடிப்பதற்காக முன்னறையில் கிடந்த கட்டிலை எதிர்ச்சுவர்ப் பக்கம் நகர்த்தியிருந்தோம். சாயங்காலம் வழக்கம்போல் ஓடிவந்தவள், கட்டில் காலில் நேராக முகத்தை மோதிக்கொண்டாள். அதுவரை எங்கேயும் முட்டாமல்தான் நடந்தாள். பார்வை எப்போதோ போய்விட்டது. வீடு முழுக்க மனப்பாடமாக இருந்ததால் எங்களுக்குத்தான் தெரியவில்லை.

கீழே சொல்லும் வேலைகள் எல்லாமே அந்த மனப்பாடத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதற்குத்தான். பெரிய செலவு இல்லை. ஒரு சனி, ஞாயிறு போதும்.

1. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்

வயதான நாயின் கண் லேசாக நீலம் பாய்ந்த மாதிரி தெரிந்தாலே பார்வை போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். லென்ஸ் கெட்டிப்படுவதால் வரும் அந்த நிறம் பார்வையைப் பெரிதாகப் பாதிக்காது. வெள்ளையாகப் படர்ந்தால் கண்புரையாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ள நாய்க்கு அது வேகமாக வரும். உண்ணிக் காய்ச்சலும், சிறுநீரகக் கோளாறால் ஏறும் ரத்த அழுத்தமும்கூடக் கண்ணைக் கெடுக்கும். கண் சிவந்து, வீங்கி, முன்னங்காலால் தேய்த்துக்கொண்டே இருந்தால் அது கிளாக்கோமாவாக, அதாவது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் நோயாக இருக்கலாம். கடுமையாக வலிக்கும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், அன்றைக்கே கொண்டுபோங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண்ணுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். பஞ்சு உருண்டை ஒன்றை நாயின் முகத்துக்கு முன்னால் மேலிருந்து போடுங்கள். பார்வை இருந்தால் தலை அதன் பின்னால் போகும். பந்து வேண்டாம், விழுகிற சத்தத்தை வைத்தே திரும்பிவிடும்.

2. நாய் உயரத்தில் ஒரு சுற்று

முட்டி போட்டு, வாசலில் இருந்து அடுப்படி வரைக்கும் தவழ்ந்தே போங்கள். கையில் ஒரு சாக்பீஸ் இருக்கட்டும். கண்ணுக்கும் மூக்குக்கும் நேராக எது நீட்டிக்கொண்டிருந்தாலும் ஒரு குறி போடுங்கள். எங்கள் வீட்டில் கட்டில் கால், டிவி ஸ்டாண்டின் முனை, தையல் மிஷினின் இரும்பு மிதி, உள்ளே நிறுத்தியிருந்த சைக்கிளின் பெடல், சுவரோரம் சாய்த்து வைத்த அரிவாள்மனை எல்லாம் மாட்டின. இத்தனை வருஷம் அதே வீட்டில் இருந்தும் அரிவாள்மனை எனக்குத் தோன்றவே இல்லை.

முனைகளுக்கு, ஏசி குழாயில் சுற்றுவார்களே, அந்தக் கறுப்பு ஃபோம் குழலே நல்லது. ஹார்டுவேர் கடையில் நீளமாக வெட்டித் தருவார்கள். நீளவாக்கில் கீறி, மேசை விளிம்பிலும் கட்டில் காலிலும் மாட்டி டேப் ஒட்டினால் போதும்.

3. இடம் மாற்றாதீர்கள்

வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. சோபா, கட்டில் எல்லாம் யாரும் தினமும் நகர்த்துவதில்லை. பிளாஸ்டிக் நாற்காலி, செருப்பு, மாப் பக்கெட், பள்ளிக்கூடப் பை இவைதான் பிரச்சினை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள். கதவு முழுதாகத் திறந்திருக்கட்டும், இல்லையென்றால் சாத்தியிருக்கட்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு நேராக நெற்றியில் அடிக்கும்.

தண்ணீர்க் கிண்ணம், சாப்பாட்டுத் தட்டு, படுக்கை மூன்றும் அதனதன் இடத்திலேயேதான் இருக்க வேண்டும், என்றைக்கும்.

4. தரையே வழி சொல்லட்டும்

டைல்ஸ் தரையில் வயதான கால் வழுக்கும். மூட்டு வலியும் சேர்ந்தால் நாய் நடக்கவே தயங்கும். படுக்கையில் இருந்து தண்ணீருக்கும், அங்கிருந்து வெளிவாசலுக்கும் அடியில் ரப்பர் வைத்த மிதியடிகளை வரிசையாகப் போடுங்கள். படி ஆரம்பிக்கிற இடத்தில் மட்டும் தேங்காய் நார் மிதியடி. அந்தச் சொரசொரப்பு காலில் பட்டால் படி வருகிறது என்று ஒரு வாரத்தில் புரிந்துகொள்ளும். மாடிப்படிக்கு மேலேயும் கீழேயும் சின்னத் தடுப்புக் கதவு கட்டாயம். நகத்தையும், பாதத்தின் அடியில் வளரும் முடியையும் அவ்வப்போது வெட்டிவிடுங்கள்.

5. மூக்குக்கும் காதுக்கும்

நம் மூக்கில் மோப்பத்துக்கான செல்கள் 50, 60 லட்சம் இருக்கும் என்றால், நாய்க்கு 20 கோடிக்கும் மேல். அதனால் வாசனைக் குறி ஒன்றிரண்டு போதும். தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே, வாய்க்கு எட்டாத உயரத்தில் ஒரு பிடி வெட்டிவேர் கட்டினோம். அறைக்கு அறை வாசனை வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். தேயிலை மர எண்ணெய் போன்றவையும் அந்துருண்டையும் நாய்க்கு விஷம், வைக்காதீர்கள்.

தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நாய் தன் வாசனையை வைத்துப் போட்டுக்கொண்ட வழியை அது அழித்துவிடும். பாதத்தை நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். வெறும் தண்ணீர் போதும்.

படுக்கைக்குப் பக்கத்தில் ரேடியோ ஒன்றை மெல்லப் பாட விட்டால், வீட்டின் எந்த மூலையில் நின்றாலும் தன் இடம் எந்தப் பக்கம் என்று தெரியும். என் மகள் கொலுசு போட்டிருப்பாள். அவள் வருவதைக் கேட்டு ஜிம்மி முன்னாலேயே வாலை ஆட்டுகிறாள். வீட்டில் வேறு நாயோ பூனையோ இருந்தால் கழுத்தில் மணி கட்டுங்கள்.

6. புறவாசல்

அதிக ஆபத்து இங்கேதான், நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

முதலில் தண்ணீர். சம்ப் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஏறி நின்று பாருங்கள். லாரித் தண்ணீர் வாங்கிய அன்று மூடியைத் திறந்தே போட்டுவிடுவது சகஜம். கிணற்றின் சுற்றுச்சுவர் தாழ்வாக இருந்தால் மேலே இரும்பு வலை போடுங்கள். சாக்கடைக் கால்வாயில் விலகிக் கிடக்கும் சிலாப்பைச் சேர்த்துப் போடுங்கள். நாயின் கால் மாட்டி முறிவது அந்த இடைவெளியில்தான்.

அடுத்து செடிகள். ரோஜா, எலுமிச்சை, காகிதப்பூ இவற்றில் தரையில் இருந்து இரண்டரை அடி வரை உள்ள கிளைகளை வெட்டிவிடுங்கள். பார்வை இல்லாத கண்ணுக்கும் முள் குத்தினால் வலிக்கும், சீழ் பிடிக்கும். அரளி இருந்தால் வேரோடு எடுத்துவிடுவதுதான் நல்லது. அதன் இலை, பூ, பட்டை எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். விழுந்த தென்னை மட்டையை அன்றன்றைக்கு எடுத்துவிடுங்கள்.

மரத்தையும் கம்பத்தையும் சுற்றி இரண்டு அடிக்குச் சின்ன ஜல்லி கொட்டினால், காலில் பட்டதுமே வேகத்தைக் குறைக்கும். இது எங்களுக்கு மிக நன்றாகப் பயன்பட்டது. தொங்கும் துணிக்கொடி, வேலியில் பிய்ந்து நிற்கும் கம்பி, வாசலில் நிறுத்திய பைக்கின் சூடான சைலன்சர் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். காரை எடுக்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள். கேட் எப்போதும் தாழ்ப்பாளோடு.

7. பழக்குவது

முதல் வாரம் பட்டையைப் பிடித்தபடி ஒவ்வொரு அறையாக, தினம் நான்கைந்து முறை கூட்டிப்போங்கள். மூன்று சொல் சொல்லிக்கொடுங்கள்: நில்லு, ஏறு, இறங்கு. எல்லோரும் அதே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். தொடுவதற்கு முன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். தூக்கத்தில் திடீரென்று தொட்டால் சாதுவான நாயும் பயந்து கடித்துவிடும். குழந்தைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பாவமாக இருக்கிறதே என்று தூக்கிக்கொண்டு திரியாதீர்கள், கீழே விடும்போது எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீர்க் கிண்ணத்தின் அருகே இறக்கிவிடுங்கள்.

வெளியே போகும்போது கழுத்துப் பட்டைக்குப் பதில் நெஞ்சோடு கட்டும் பட்டை போடுங்கள். கழுத்து இழுபட்டால் கண்ணில் அழுத்தம் ஏறும். எதிரே வரும் தெருநாய் வாலை எப்படி வைத்திருக்கிறது என்று இவளால் பார்க்க முடியாது, அதனால் தெரு ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போகிறோம்.

8. ராத்திரியும் விசேஷ நாட்களும்

லாப்ரடார், காக்கர் ஸ்பேனியல் மாதிரி சில இனங்களில் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் பரம்பரை நோய் உண்டு. அப்போது முதலில் இருட்டில்தான் தடுமாறும். கொஞ்சமாவது பார்வை மிச்சம் இருந்தால் ஒரு நைட் லேம்ப் பெரிய உதவி. தீபாவளிக்கு உள்ளறையில், படுக்கையோடும் ரேடியோவோடும், வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருங்கள்.

இந்தப் பொங்கலுக்கும் வெள்ளையடித்தோம். ஒரு நாளைக்கு ஒரு அறை மட்டும். நகர்த்துவதற்கு முன் கட்டில் கால் நின்ற நான்கு இடத்திலும் சாக்பீஸால் வட்டம் போட்டு, ராத்திரிக்குள் அதே வட்டத்தில் திரும்ப வைத்தோம். சுண்ணாம்பு வாடை போகும் வரை இரண்டு நாள் ஜிம்மியைப் பட்டையோடுதான் கூட்டிப்போனோம். மூன்றாம் நாள் தானாகவே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.